வெஃப் 202: எதிரியின் குரலைக் கேட்க அரசாங்கமே செய்து கொடுத்த ரேடியோ

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ரிவ்யூவுக்கு வருகிறவர்கள் தேடுவது அதைத்தான். 40 யூரோ. லாட்வியத் தலைநகர் ரீகாவில் ஒரு பழைய சாமான் சந்தையில், மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்திருந்த ஒரு தாத்தாவிடம் வாங்கினேன். அவர் 50 சொன்னார், நான் 30 சொன்னேன், பாஷை தெரியாமல் பேரம் பேசுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, போன் கால்குலேட்டரை மாற்றி மாற்றித் தட்டினால் போதும்.

அதற்கு முன்னால் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'நன்றாக ஓடுகிறது' என்ற வரியை நம்பி ஒன்று வாங்கி ஏமாந்திருந்தேன். மூடியைத் திறந்தால் பேட்டரி அறை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அதனால் இந்தமுறை பையில் ஆறு பெரிய டார்ச் செல்லைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். நீங்களும் அப்படியே போங்கள். தாத்தா எதிரிலேயே செல்லைப் போட்டுத் திருகினேன், முதலில் ஒரு 'டப்', அப்புறம் அந்தப் பழகிய இரைச்சல், அதற்கு நடுவில் ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண் செய்தி வாசிக்கும் குரல். அவ்வளவுதான், காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இனி பொருளைப் பற்றி. வெஃப் என்பது 'அரசு மின்தொழில்நுட்பத் தொழிற்சாலை' என்பதன் லாட்விய மொழிச் சுருக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முன் லாட்வியா தனி நாடாக இருந்தபோதே பெயரெடுத்த இடம். ஒற்றர் கதைகளில் வருமே, உள்ளங்கைக்குள் அடங்கும் மினாக்ஸ் கேமரா, அது 1938-இல் முதலில் உற்பத்தியானது இங்கேதான். 1940-இல் சோவியத் யூனியன் நாட்டை விழுங்கியபோது தொழிற்சாலையும் அதோடு போனது. 1960-இல் இங்கிருந்துதான் ஸ்பீடோலா என்ற கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. லாட்வியக் காவியத்தில் வரும் ஒரு சூனியக்காரியின் பெயர் அது. சோவியத் யூனியனில் பெரிய அளவில் உற்பத்தியான, தூரத்து வெளிநாட்டு நிலையங்கள் வரும் ஷார்ட்வேவை எடுக்கும் முதல் டிரான்சிஸ்டர் செட் அதுதான். என்னிடம் இருக்கும் 202 அதன் பேரப்பிள்ளை, 1970-களில் வந்தது.

இந்தத் தொழிற்சாலை இருந்த சாலைக்கு இப்போது பிரீவீபாஸ் என்று பெயர், சுதந்திரச் சாலை என்று அர்த்தம். சோவியத் காலத்தில் அது லெனின் தெரு. அதே நீளமான சாலையில் ஊருக்குள் வந்தால் 61-ஆம் எண்ணில் ஒரு பெரிய முக்குக் கட்டடம், உள்ளூர்க்காரர்கள் 'மூலை வீடு' என்பார்கள், சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் லாட்வியத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. ஒரே தெருவின் ஒரு கோடியில் காது செய்தார்கள், இன்னொரு கோடியில் அந்தக் காது எதைக் கேட்கிறது என்று கவலைப்பட்டார்கள். நான் தினமும் டிராலிபஸ்ஸில் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

செட் நல்ல கனம். ஆறு செல்லையும் போட்டால் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடப்பதற்குள் தோள் சொல்லிவிடும். உள்ளே பத்து டிரான்சிஸ்டர், இன்றைக்கு ஒரு போனுக்குள் இருக்கும் எண்ணிக்கையை நினைத்துப் பார்க்காதீர்கள். ஸ்பீக்கர் சத்தம் அருமை, பேச்சுக்கென்றே செய்தது போல நடு ஸ்தாயி கனமாக வரும், பாட்டு சுமார். பக்கவாட்டில் ஒரு பெரிய குமிழ். அதைத் திருகினால் உள்ளே ஒரு உருளையே சுற்றும், 'கடக் கடக்' என்று ஒவ்வொரு பேண்டும் மாறும். அந்த உருளையில் ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனியாக ஒரு பட்டை, அதில் காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள். பட்டையைக் கழற்றி வேறு பட்டை மாட்டலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நெடு அலை, மத்திய அலை, அப்புறம் ஐந்து ஷார்ட்வேவ் பேண்டு, அலைநீளத்தைச் சொல்லித்தான் அழைப்பார்கள்: 25, 31, 41, 49 மீட்டர், கடைசியாக 52 முதல் 75 வரை ஒன்று. நம் ஊரில் பழைய மர்பி ரேடியோவைத் திருகியவர்களுக்கு உடனே உறுத்தும். 19 எங்கே? 16 எங்கே? 13 எங்கே? இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான சோவியத் செட்களில் அந்த பேண்டுகள் உண்டு. உள்நாட்டில் விற்றவற்றில் 25 மீட்டரோடு கதவு சாத்தியாயிற்று. பகலில் தூரத்திலிருந்து வரும் அலைகள் தெளிவாகக் கிடைப்பது 19-லும் அதற்குக் கீழேயும்தான். அதை வெட்டிவிட்டால் மிச்சமிருக்கிற நாலைந்து பேண்டில் மட்டும் இரைச்சலைப் போட்டு அடைத்தால் போதும், வெளிநாட்டு ஒலிபரப்பை அடைக்க வைத்திருந்த இடையூறு நிலையங்களின் வேலை பாதியாகிவிடும். ஒரு ரேடியோவின் ஸ்பெசிஃபிகேஷனே போர்த்தந்திரமாக இருப்பதை நான் இதில்தான் பார்த்தேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கதை. 1947 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரஷ்ய மொழியில் பேச ஆரம்பித்தது, பிபிசி அதற்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1948-இல் மாஸ்கோ இரைச்சல் போட்டு அடைக்கத் தொடங்கி, 1949-இல் அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. 1950 ஜூலை 4 அன்று ரேடியோ ஃப்ரீ யூரோப் செக்கோஸ்லோவாக்கியாவை நோக்கி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1953 மார்ச் 1 அன்று, ஸ்டாலின் சாவதற்கு நாலே நாள் முன்பு, ரேடியோ லிபரேஷன் வந்தது, பின்னால் ரேடியோ லிபர்ட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்த இரண்டும் ஜெர்மனியின் மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு, 'நாங்கள் சாதாரண அமெரிக்கர்களின் நன்கொடையில் ஓடுகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தன. அதற்காக அமெரிக்காவில் உண்டியல் ஏந்தி வசூலும் நடந்தது, நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன்கூட விளம்பரத்தில் வந்தார். உண்மையில் பணம் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவுடையது. 1960-களின் கடைசியில் கசிந்து, 1971-இல் செனட்டிலேயே போட்டு உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் வெளிப்படையாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 'உண்மையைச் சொல்கிறோம்' என்ற நிலையம் தன் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் இருபது வருடம் பொய் சொல்லியது. எனக்கு இதை லேசில் விட மனசு வரவில்லை.

சரி, இரைச்சல். ரஷ்யாவில் அந்த இடையூறு நிலையங்களை 'குளுஷில்கா' என்பார்கள், அமுக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வகை. தூரத்திலிருந்து வானத்தில் அலையை எறிந்து திருப்பி விழவைப்பது ஒன்று, ஒவ்வொரு பெரிய ஊருக்குள்ளும் பக்கத்திலேயே நிறுத்தி வைத்து அந்த ஊரை மட்டும் அமுக்குவது இன்னொன்று. இரண்டாவதுதான் கொடுமை, ஆனால் அதன் வீச்சு ஊர் எல்லையோடு சரி. அதனால் நகரத்துக்காரர்கள் சனி ஞாயிறு ஊருக்கு வெளியே தோட்ட வீட்டுக்குப் போகும்போது ஸ்பீடோலாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். உருளைக்கிழங்கு நட்டது எவ்வளவு, ரேடியோ கேட்டது எவ்வளவு என்று கணக்கெடுத்தால் தெரியும். இன்னொரு வேடிக்கை, அந்தி நேரம். கிழக்கே முதலில் இருட்டும், அங்கே வானத்தின் மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்பும் சக்தியை இழக்கும், கிழக்கிலிருந்து எறிந்த இரைச்சல் விண்வெளிக்கே போய்விடும். மேற்கே இன்னும் வெயில் அடிப்பதால் அங்கிருந்து வரும் பேச்சு மட்டும் ஒழுங்காக வந்து விழும். கொஞ்ச நேரத்துக்கு, சூரியன் அமெரிக்காவின் கட்சியில் சேர்ந்துவிடும்.

ஒலிபரப்புவதைவிட ஒலிபரப்பை அடைப்பதற்கு மாஸ்கோ அதிகம் செலவழிக்கிறது என்று அப்போதே மேற்கில் கணக்குப் போட்டார்கள். அரசியல் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி குழாயைத் திறப்பதும் மூடுவதும் நடந்தது. 1963-இல் கென்னடி சமாதானமாக ஒரு பேச்சுப் பேசியதும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை விட்டார்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்த அன்றே மறுபடி அமுக்கினார்கள். 1973-இல் விட்டார்கள், 1980 ஆகஸ்டில் போலந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் மறுபடி பிடித்தார்கள். ரேடியோ லிபர்ட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை எதுவும் கிடையாது, 1988 நவம்பர் 30 வரைக்கும் விடாமல் அடி.

கேட்பதே குற்றம் என்று நேரடியாகச் சட்டம் இல்லை. கேட்டதை அடுத்தவரிடம் சொன்னால்தான் சோவியத் எதிர்ப்புப் பிரசாரம் என்று வழக்கு வரும். ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள், 'குரல்கள்' என்றாலே வெளிநாட்டு வானொலி என்று அர்த்தம் ஆகிவிட்டது. 'ரஷ்ய மண்ணில் ஒரு வழக்கம், ராத்திரியில் பிபிசி கேட்பது' என்று எதுகையோடு ஒரு நாட்டு வழக்கு அவர்களிடம் உண்டு, ரஷ்ய மொழியில் சொன்னால் சிரிப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். மதுரையில் அவரும் ஷார்ட்வேவ் கேட்டவர்தான். மாஸ்கோ வானொலி தமிழில் பேசியது, பீகிங் 1963 முதல் தமிழில் பேசியது, லண்டனிலிருந்து தமிழோசை வந்தது. அவர் மாஸ்கோவுக்குக் கடிதம் போட்டுக் காலண்டர் வாங்கியிருக்கிறார், பீகிங்குக்கும் போட்டிருக்கிறார், அந்த இரண்டு நாடும் எல்லையில் சுட்டுக்கொண்டிருந்தது பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். நம் ஊரில் யாரும் அடைக்கவில்லை. அதனால் அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு, உரையைக் காதில் வாங்காமல் பாட்டுக்குக் காத்திருப்பார். ரீகாக்காரருக்கு அது அப்படி இல்லை. 'இதைக் கேட்காதே' என்று அரசாங்கமே ராத்திரி முழுக்க இரைந்து சொன்னால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? அமெரிக்கா கோடி கோடியாகச் செலவழித்தும் வாங்க முடியாத விளம்பரத்தை மாஸ்கோ இலவசமாகப் போட்டுக் கொடுத்தது என்பது என் கட்சி.

(இந்தியாவும் இதில் மாட்டாமல் தப்பியதே பெரிய விஷயம். 1962 சீனப் போருக்குப் பிறகு, கல்கத்தாவில் ஆயிரம் கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று அமெரிக்கா தரும், பதிலுக்கு அதில் சில மணி நேரம் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு என்று 1963 ஜூலையில் ஒப்பந்தமே போட்டார்கள். நாட்டில் எழுந்த சத்தத்தில் நேரு பின்வாங்கிவிட்டார். இலங்கை அப்படி இல்லை, 1951-லேயே கொழும்பிலிருந்து அமெரிக்கக் குரல் போக ஆரம்பித்துவிட்டது.)

உள்ளடக்கத்தை வைத்து மதிப்பெண் போடச் சொன்னால், எனக்கு முதலிடம் அரசியல் நிகழ்ச்சி எதற்கும் இல்லை. 1955 ஜனவரியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி ஆரம்பித்தார். கனமான குரல், அவசரமே இல்லாத ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும். சோவியத் யூனியனில் எத்தனையோ பேர் அவரிடம் இசையோடு சேர்த்து ஆங்கிலமும் கற்றார்கள். அவர் அரசியல் பேசவே இல்லை. சொந்த நாட்டில் அவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா உள்நாட்டு மக்களைக் குறிவைத்து ஒலிபரப்பக் கூடாது என்பது அப்போதைய சட்டம். 1959-இல் இதே வழியில், சுமார் 1500 சொற்களை மட்டும் வைத்து மெதுவாகச் செய்தி வாசிக்கும் நிகழ்ச்சியும் வந்தது. மனசை மாற்ற வேண்டும் என்று நினைக்காத நிகழ்ச்சிதான் மனசை மாற்றியது போலிருக்கிறது.

கடைசி இடம் 1956-இல் ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஹங்கேரியப் பிரிவு செய்த வேலைக்கு. ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்ட்டில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது டாங்கிகளை எப்படி எதிர்ப்பது என்பதுவரை ரேடியோவில் சொன்னார்கள். நவம்பர் 4 அன்று, சோவியத் படை இரண்டாம் முறை ஊருக்குள் நுழைந்த நாளில், இன்னும் மூன்று நான்கு நாள் தாக்குப்பிடித்தால் அமெரிக்கா ராணுவ உதவி அனுப்ப வேண்டிய நெருக்கடி வரும் என்ற பொருளில் லண்டன் பத்திரிகை ஒன்றின் கருத்தை எடுத்து வாசித்தார்கள். உதவி வரவில்லை, வருவதாக யாரும் திட்டமிடவும் இல்லை. ஸ்டூடியோவில் ஏசிக்குள் உட்கார்ந்து பேசுகிறவனுக்கும் தெருவில் பாட்டிலில் பெட்ரோல் நிரப்புகிறவனுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அந்தத் தூரம் எவ்வளவு பெரியது. இதற்குப் பிறகு அவர்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள் என்பது உண்மை. பட்டவர்களுக்கு அதனால் என்ன.

மாஸ்கோ வானொலி? 1929-இல் பேச ஆரம்பித்தது, வயதில் இவர்கள் எல்லோருக்கும் மூத்தது, கடைசிக் காலத்தில் 70-க்கும் மேற்பட்ட மொழிகள். எல்லாம் இருந்தும், டிராக்டர் உற்பத்தி என்று ஆரம்பித்தாலே கேட்பவர் கை தானாக முள்ளை நகர்த்திவிடும். ஆனால் அதில் ஒருவர் மட்டும் எனக்குப் பெரிய ஆள். விளாதிமிர் தான்செவ், ஆங்கிலச் செய்தி வாசிப்பாளர். 1983 மே மாதம் நேரலையில் ஆப்கானிஸ்தானில் இருக்கும் சோவியத் படையை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று வாசித்தார். ஒரு தடவை இல்லை, அன்றைக்குப் பல செய்திகளில். மேலிடம் கவனிக்கவே இல்லை, பிபிசியின் கண்காணிப்புப் பிரிவு கவனித்து உலகத்துக்குச் சொன்ன பிறகுதான் மாஸ்கோவுக்குத் தெரிந்தது. தங்கள் ரேடியோவைத் தாங்களே கேட்பதில்லை என்று இதைவிட எப்படிச் சொல்வது? அவரைத் தாஷ்கண்டில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

மியூனிக் நிலையங்களுக்கு எதிரான சண்டையும் பேச்சோடு நிற்கவில்லை. பிபிசியிலும் ஃப்ரீ யூரோப்பிலும் பேசிய பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவை 1978 செப்டம்பரில் லண்டனில் வைத்து விஷக் குண்டால் கொன்றார்கள், குடைக் கொலை என்று பேர் வாங்கிய சம்பவம். 1981 பிப்ரவரியில் மியூனிக் கட்டடத்திலேயே குண்டு வெடித்தது. ரேடியோ லிபர்ட்டியின் ரஷ்யப் பிரிவில் ஆசிரியராக இருந்த ஒலெக் துமானவ் 1986-இல் திடீரென்று மாஸ்கோவில் தோன்றினார், அவர் அதுவரை கேஜிபியின் ஆள்.

இனி இன்றைய நிலவரம், ஏனென்றால் வாங்குகிறவருக்கு இது வேலை செய்யுமா என்பது முக்கியம். வீட்டில் வைத்தால் செய்யாது. செட்டைக் குறை சொல்லவில்லை, எல்ஈடி விளக்கு, வைஃபை பெட்டி, போன் சார்ஜர், பக்கத்து வீட்டு இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சல் எந்தக் குளுஷில்காவுக்கும் குறைந்ததில்லை. ஒரு ராத்திரி கடுப்பாகி ரயிலேறி யூர்மலா கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து ஆண்டெனாவை இழுத்தேன். என்ன சுத்தம்! 31 மீட்டரில் ருமேனியா, சீனா, ஆப்பிரிக்காவை நோக்கிப் பேசும் பிபிசி. பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, ஊருக்குள் கேட்காது என்று ஊரைவிட்டு வெளியே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ஐம்பது வருடம் முன்பு இதே செட்டின் சொந்தக்காரர் செய்ததைத்தான் செய்கிறேன்.

ஷார்ட்வேவ் செத்துவிட்டது என்பவர்களுக்கு: 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கிய கையோடு பிபிசி உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்குமாக இரண்டு அலைவரிசையில் தினம் நான்கு மணி நேரம் ஆரம்பித்தது. 5875 கிலோஹெர்ட்ஸ், 15735 கிலோஹெர்ட்ஸ். முதலாவது 49 மீட்டருக்குப் பக்கம், வெஃப்புக்கு எட்டும் இடம். இரண்டாவது 19 மீட்டர். ஆமாம், அந்த 19-தான். மாஸ்கோவில் யாரோ ஒரு அதிகாரி வெட்டிவிட்ட பேண்டு, அவர் நாடே இல்லாமல் போன பிறகும் தன் கடமையைச் செய்கிறது. இன்னொரு பக்கம் 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை அமைதியாக்கியது வாஷிங்டனே, எந்தக் குளுஷில்காவும் தேவைப்படவில்லை.

1991 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடிக்க முயன்றவர்கள் சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கிரிமியாவில் வீட்டுக்காவலில் வைத்துத் தொலைபேசியை வெட்டியபோது அவருக்குச் செய்தி சொன்னது என்ன தெரியுமா, ஆன்டெனா ஒப்பேற்றிய ஒரு ரேடியோ. பிபிசி, லிபர்ட்டி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா. வெளியே வந்து அவரே சொன்னார், பிபிசிதான் நன்றாகக் கேட்டது என்று. நாட்டின் அதிபர் கடைசியில் தன் குடிமக்களில் ஒருவர் ஆனார்.

வாங்கலாமா? ஒலி, கட்டுமானம், திருகும்போது வரும் அந்த 'கடக்', இதற்கெல்லாம் தாராளமாக நாலரை நட்சத்திரம். எஃப்எம் கிடையாது, யூஎஸ்பி கிடையாது, செல் செலவு அதிகம், பயன்படுத்தாதபோது செல்லைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் பச்சை பூத்துவிடும். அரை நட்சத்திரம் குறைத்தது அந்த 19-க்காக. அதற்கும் வழி இருக்கிறது. உருளையின் பட்டையைக் கழற்றலாம் என்றேனே, அந்தக் காலத்திலேயே கைவேலை தெரிந்த சோவியத் பையன்கள் காயிலைத் திரும்பச் சுற்றி, 25 மீட்டர் பட்டையை 19 ஆகவும் 16 ஆகவும் மாற்றிக்கொண்டார்கள். சந்தைத் தாத்தாவிடம் கேட்டேன். மொழிபெயர்ப்புச் செயலியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எத்தனை வேண்டும்?" என்றார். ஒரு பட்டைக்கு 15 யூரோவாம். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.